கைத்தாங்கல்

அபிஷின் கை தேநீர்க் குவளைக்கு ஒரு விரற்கடை முன்பாகவே நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே விரல்கள் மடங்கின. இல்லாத குவளையைப் பற்றிக்கொண்டு கை எழுந்து உதடுவரை வந்த பிறகுதான் அவனுக்கே விஷயம் புரிந்தது. சிரித்துக்கொண்டே கையை உதறினான். குவளை மேசைமேல் ஆவி பறக்க அப்படியே இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா ஷெர்லின் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாக இதை அவள் அடிக்கடி பார்க்கிறாள். கதவுத் தாழ்ப்பாளுக்குச் சற்று முன்னால், சட்டைப் பொத்தானுக்குச் சற்று முன்னால், லிப்ட் பட்டனுக்குச் சற்று முன்னால் அவன் கை நின்றுவிடுகிறது. ஏதோ மறந்துபோனவனைப் போல ஒரு கணம் தயங்கிவிட்டு மிச்ச தூரத்தைக் கடக்கிறது.

"இன்னொரு டாக்டர போய்ப் பாப்பமா மக்கா?"

"சாரமில்லக்கா, ஒண்ணும் இல்ல. ஒறக்கம் கெட்டதுனால வாறது. போட்டி எல்லாம் முடிஞ்சா சரியாயிரும்." குவளையை இந்த முறை சரியாகப் பிடித்தான். "நீ மொதல்ல அந்தக் கடைவாய்ப்பல்லப் புடி. அதப் புடிச்சாலே எனக்குப் பாதி சொகமாயிரும்."

கடைவாய்ப்பல் என்பது ஒருவர் தனக்கு வைத்துக்கொண்ட ஆட்டப் பெயர். ஆட்டத்தின் பெயர் ஏழாம் கோட்டை. அணிக்கு நான்கு வில்லாளிகள். திரையில் தெரியும் கோட்டையை ஓர் அணி காக்கும், மற்றது பிடிக்கும். ஆடுபவர் இரண்டு கைகளிலும் மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வில்லை வெறும் காற்றில் இழுத்து விடவேண்டும். நாணின் இறுக்கம் விரலில் தெரியும். அம்பு விடுபட்ட அதிர்வு முழங்கை வரை ஏறும். காலேஜ் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் என்று ஊரே அதில் கிடந்தது.

அதில் அபிஷ்தான் நாட்டின் முதல் வில்லாளி. தக்கலையில் டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவன், இன்று அவன் முகம் போட்ட பனியன்களைப் போட்டுக்கொண்டு பையன்கள் தெருவில் திரிகிறார்கள். அவனைத்தான் அந்தக் கடைவாய்ப்பல் அடுத்தடுத்து இரண்டு போட்டிகளில் மண்ணைக் கவ்வ வைத்துவிட்டது. யார், எந்த ஊர், ஆணா பெண்ணா என்று ஆடுபவர்கள் எவருக்கும் தெரியாது. அபிஷின் ரசிகர்கள் மட்டும் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்கள்: அது கள்ளாட்டம்.

ஷெர்லினுக்கு அதில் சங்கடம் இருந்தது. ஏழாம் கோட்டையை நடத்தும் 'நிகர்' என்ற நிறுவனத்தில் அவள் நடுவர். கள்ளாட்டக்காரர்களைப் பிடிப்பதுதான் அவள் உத்தியோகம்.

அன்று காலை அவளுடைய மேலாளர் கார்வேந்தன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எப்போதும் போலக் கடலை மிட்டாய் டப்பாவை அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சுவர்த்திரையைக் காட்டினார்.

"இந்தக் கோட்டப் பாருங்க ஷெர்லின். இது உங்க தம்பி கை."

அம்பை விடும் தருணத்தில் கை போன பாதையைக் காவலன் ஒரு கோடாக வரைந்திருந்தது. காவலன், நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள். லட்சக்கணக்கான கைகளைப் பார்த்துப் பார்த்து மனிதக் கை எப்படி அசையும் என்று தானே கற்றுக்கொண்டது. அதற்கு ஒத்துவராத கையைக் கண்டால் கொடி தூக்கிவிடும். அபிஷின் கோடு ஆற்றில் வழுக்கிப் போகும் பரிசல் மாதிரி மெத்தென்று போய் இலக்கில் முடிந்தது.

"இது அந்தக் கடைவாய்ப்பல்லு."

அந்தக் கோடு நடுங்கியது. சற்று விலகியது, திருத்திக்கொண்டது, மறுபடி விலகியது. கடைசி நொடியில் சட்டென்று இலக்கில் போய்க் குத்தியது. ஷெர்லின் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை.

"மனுசக் கை இப்படி அசையாதுங்க," என்றார் கார்வேந்தன். "நடுவுல ஏதோ ஒரு மிசின் உக்காந்துட்டு இருக்குது. நேர்ல போயி கையுறையப் பாத்துட்டு வந்துருங்க. காரைக்குடியில இருக்காங்க. நம்ம பதிவுல பேரு உமையாள்னு இருக்குது, பல் டாக்டர்."

"சார், அவங்க தோக்கடிச்சது என் தம்பிய. இந்தக் கேஸ நான் பாக்கிறது முறையில்ல."

"அதனாலதாங்க உங்ககிட்டக் குடுக்கறேன். தம்பிக்குச் சாதகமாப் போயிடக் கூடாதுன்னு நீங்க மத்தவங்களவிட ஒருபடி மேலயே பாப்பீங்க." மிட்டாயைக் கடித்தார். "எனக்கு உங்களத் தெரியாதுங்களா?"

புகழ்ச்சிதான். ஆனாலும் காரைக்குடி போய்ச் சேரும்வரை அது அவளுக்குள் சரியாக இறங்கவில்லை.

உமையாளின் மருத்துவமனை அவர் வீட்டின் முன்பகுதியிலேயே இருந்தது. நாற்பதைத் தாண்டியவர், குட்டையாக வெட்டிய தலைமுடி, பருத்திச் சேலை. ஷெர்லின் அடையாள அட்டையைக் காட்டியதும் அவர் திடுக்கிடவில்லை. "வருவீங்கன்னு தெரியும். உள்ள வாங்க," என்றார். காத்திருப்பு அறையில் யாரும் இல்லை. பல் பிடுங்கும் நாற்காலியின் மேல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

கேட்பதற்கு முன்பே கையுறையை எடுத்து மேசையில் வைத்தார். மணிக்கட்டுப் பகுதியின் தையல் பிரிக்கப்பட்டிருந்தது.

"கையுறையத் திறக்கவே கூடாதுங்கிறது விதி டாக்டர்."

"தெரியும். திறந்துதான் பாத்தேன்." ஒரு சின்னப் பஞ்சுத்துண்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே நகத்தளவு தகடு ஒன்று இருந்தது, மீன் செதிலைப் போல. "நான் எதையும் உள்ள வைக்கலை. இத வெளிய எடுத்தேன். அவ்வளவுதான்."

"என்ன இது?"

"உங்களுக்குத் தெரியாதா?" உமையாள் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நிஜமாவே தெரியலை போலிருக்கு. பக்கவாதம் வந்தவங்களுக்குக் கை அசைக்கப் பழக்கிறதுக்கு இந்த மாதிரித் தகடு வைப்பாங்க. தோல் வழியா நரம்பத் தட்டிக் குடுக்கும். கை எங்க போக நினைக்குதோ அங்க மெள்ளத் தள்ளிவிடும். நோயாளிக்குத் தன் கைதான் போகுதுன்னு தோணும். தள்ளுறது தெரியவே தெரியாது."

"ஆட்டத்துல அது எதுக்கு?"

"நீங்க குறி வைக்கிறீங்க. பாதி வழி உங்க கை போகும். மிச்சத்த இது முடிச்சு வைக்கும். அம்பு போய்த் தைக்கும். 'ஆகா, நான் அடிச்சேன்'னு துள்ளுவீங்க. அடுத்த ஆட்டத்துக்கு நிச்சயமா வருவீங்க."

ஷெர்லின் தகட்டை விரலால் தொட்டாள். "எல்லார் கையுறையிலயுமா?"

"என் அணிக்காரங்க கையுறை எல்லாத்தையும் பாத்துட்டேன். எல்லாத்துலயும் இருக்கு." நாற்காலியின் துணியை இழுத்துச் சரிசெய்தார். "எனக்கு இது எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேக்க மாட்டீங்களா? ஒரு அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். கருவி பல்லுக்குப் போறதுக்கு முன்னாடியே கை நின்னுபோச்சு. என்னன்னா, மிச்சத்த யாரோ முடிப்பாங்கன்னு அது பாட்டுக்குக் காத்துக்கிட்டு நிக்கிது. கருவி சுத்திக்கிட்டே இருக்கு, கீழ நாக்கு. நல்லவேளை, அந்தம்மா அசையலை. அன்னைக்கு ராத்திரியே கையுறையப் பிரிச்சுப் பாத்தேன்."

காற்றில் மடங்கிய அபிஷின் விரல்கள் ஷெர்லினின் கண்முன் வந்தன.

"அப்ப அந்த நடுங்குற கோடு..."

"என் கோட்டப் பாத்தீங்களா? அதுதான் கை. கைன்னா நடுங்கும். தப்பும், திருத்திக்கும். உங்க மிசின் தகடு வச்ச கையாப் பாத்துப் பாத்து அதையே மனுசக் கைன்னு படிச்சு வச்சிருக்கு."

"இத நீங்க வெளிய சொல்லியிருக்கலாமே?"

"உங்க கம்பெனிக்கு எழுதினேன். ஆர்வத்தோட ஆடுறதுக்கு நன்றின்னு பதில் வந்துச்சு."

"அப்புறமும் ஏன் டாக்டர் ஆடுறீங்க? விட்டுட்டுப் போகலாமில்லயா?"

உமையாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆட்டம் பிடிக்கும்," என்றார்.

கோவைக்குத் திரும்பும் வழியெல்லாம் ஷெர்லினால் உட்கார முடியவில்லை, சாய முடியவில்லை. திருச்சி தாண்டியபோது நேராகக் கார்வேந்தன் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். கேட்டும்விட்டாள்.

அவர் மறுக்கவே இல்லை. மறுத்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கைத்தாங்கல்ன்னு பேருங்க அதுக்கு," என்றார். "ஆரம்பத்துல புதுசா வர்றவங்களுக்கு மட்டுந்தான் வெச்சோம். தோத்துட்டே இருந்தா எவன் திரும்பி வருவான்? கொஞ்சம் தாங்கிப் பிடிச்சா நிப்பான். அப்புறம் எடுத்துரலாம்னுதான் நெனச்சோம். எடுத்த அன்னிக்கு அவன் ஆட்டம் சரிஞ்சு போச்சு. கேமே கெட்டுப்போச்சுன்னு கத்துனான். மறுபடி வெச்சோம். அப்புறம் எடுக்கற தைரியம் யாருக்குங்க வந்துது?"

"என் தம்பிக்கும் அதுதானா? அவன் முதல் வில்லாளி சார்."

கார்வேந்தன் சற்றுத் தயங்கினார். "தகடு எல்லாத்துக்கும் ஒண்ணுதாங்க. ஒரு சிலரு கைய விறைச்சுப் பிடிச்சுட்டு அதோட மல்லுக்கட்டுவாங்க. அவங்க சுமாரா ஆடுவாங்க. ஒரு சிலரு கைய முழுசா விட்டுக் குடுத்துருவாங்க. அவங்கதான் செயிக்கறவங்க. உங்க தம்பி அளவுக்கு விட்டுக் குடுத்த கைய நாங்க பாத்ததே இல்ல."

"அவனுக்குக் குவளையப் பிடிக்க முடியல சார்."

"டாக்டருங்க யாரும் ஆட்டத்தாலன்னு சொல்லலைங்களே."

ஷெர்லின் எழுந்துவிட்டாள். "பொதுவுல ஒரு சோதனை வைங்க. டாக்டர் கையுறைய அபிஷ் போட்டு ஆடட்டும். அவன் கையுறைய டாக்டர் போட்டு ஆடட்டும். எல்லாரும் பாக்கட்டும். இல்லன்னா நான் பேப்பர்காரங்ககிட்டப் போவேன்."

அபிஷ் குறி தவறுவதை உலகம் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் அவள் கணக்குப் போட்டாள். தம்பிக்கு அவமானம்தான், ஆனால் கை மிஞ்சும். கார்வேந்தன் வாதாடுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "வெச்சுரலாமுங்க," என்றார். "நாயமான யோசனைதான்." அவ்வளவு லேசாக அவர் சொன்னதுதான் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

வீட்டில், தகட்டையும் சோதனையையும் பற்றி அவள் சொன்னதும், அபிஷ் மேற்கொண்டு பேசவே விடவில்லை.

"எக்கா, என் கை எனக்குத் தெரியாதா? சின்னதுல நம்ம வீட்டு மாங்காய எறிஞ்சு தள்ளுனது எந்தத் தகடு?"

"அப்ப உன் கை நல்லாத்தான் இருந்துச்சு மக்கா. அதத்தான் சொல்லுகேன்."

"அந்த டாக்டரு ஒனக்கு நல்லா பாடம் எடுத்து விட்டிருக்கா. கள்ளாட்டம் ஆடுனது அவ. ஒனக்குக் குத்தவாளி நான்!" அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "நான் வேற எதுலயாவது ஜெயிச்சிருக்கனா? படிப்புல? வேலையில? எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான். அதையும் என்னுதில்லன்னு சொல்லுத பாத்தியா?"

அவன் கதவைச் சாத்தப் போனான். கை கைப்பிடிக்கு முன்பே நின்றது. அதை அக்கா பார்த்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தான். பார்த்திருந்தாள்.

"சோதனைக்கு வாறேன்," என்றான் அபிஷ். "அவ கையுறையப் போட்டே அடிச்சுக் காட்டுகேன். அப்புறம் நீ வாயத் தொறக்கப்பிடாது."

சோதனை நடந்த அரங்கம் பிற்பகலிலேயே நிரம்பி வழிந்தது. எல்லாம் இளவட்டங்கள். பாதிப் பேர் கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார்கள். ஷெர்லின் கேட்டுக்கொண்டதால் வந்திருந்த உமையாள் மேடையேறியபோது எழுந்த ஊளைச் சத்தத்தில் அறிவிப்பாளரின் குரல் அமுங்கிப்போனது. அவர் யாரையும் பார்க்காமல், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார்.

முதலில் அபிஷ். உமையாளின் கையுறையை மாட்டிக்கொண்டு வில்லை இழுத்தான். கோட்டைச் சுவரில் எதிரி தலையைக் காட்டினான். அபிஷின் கை இலக்கை நோக்கி எழுந்து, பாதியில் நின்றது. ஷெர்லின் மேடையோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தைச் செய்ய யாரும் வரவில்லை. அம்பு அகழியில் போய் விழுந்தது. அடுத்தது வானத்துக்குப் போனது. அதற்கடுத்தது அவன் காலடியிலேயே விழுந்தது. ஒன்றுகூடத் தைக்கவில்லை.

அரங்கம் முணுமுணுத்தது. "கையுறையக் கெடுத்து வெச்சிருக்காங்கடா!" என்று யாரோ கத்தினார்கள்.

அப்புறம் உமையாள் அபிஷின் கையுறையைப் போட்டுக்கொண்டார். முதல் அம்பிலேயே ஷெர்லினுக்கு விளங்கிவிட்டது. அவர் கை ஒரு பக்கம் போக, தகடு இன்னொரு பக்கம் இழுத்தது. ஒரே பேனாவை இரண்டு பேர் பிடித்து எழுதுவதைப் போலிருந்தது. அவர் திருத்த முயல முயல அது தள்ளியது. முதல் அம்பு தப்பியது, அடுத்ததும் தப்பியது. மூன்றாவதைச் சொந்த அணிக்காரன் முதுகிலேயே விட்டார்.

கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி ஒரு ஆரவாரம். நல்ல கையுறையைக் கொடுத்ததும் அவரால் ஒரு அம்பைக்கூடக் குறியில் விட முடியவில்லை என்பதைத்தானே எல்லாரும் பார்த்தார்கள்? இதைவிட வேறு என்ன நிரூபணம் வேண்டும்? "கள்ளி! கள்ளி!" என்று அரங்கம் தாளம் போட்டுக் கத்தியது. கார்வேந்தன் ஏன் அவ்வளவு லேசாகச் சம்மதித்தார் என்பது ஷெர்லினுக்கு இப்போது புரிந்தது. அவள் தோண்டிய குழியை அவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். விழுந்தது உமையாள்.

கார்வேந்தன் மேடையேறிக் கையமர்த்தினார். முகத்தில் வெற்றிச் சிரிப்பு எதுவும் இல்லை, வருத்தம்தான். அதை அவர் நன்றாகச் செய்தார். "நடுவர் தீர்ப்பைப் படிப்பாங்க," என்று சொல்லி அச்சடித்த ஒரு தாளை ஷெர்லினிடம் நீட்டினார். கையுறையைத் திறந்த குற்றத்துக்காக ஆயுள்தடை. வரிகள் உண்மைதான், திறந்தது உண்மைதானே. அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். தாளை மடித்துப் பிடித்தாள்.

அபிஷ் அவளருகே வந்தான்.

"அந்தக் கையுறை கெட்டுப் போகலக்கா," என்றான் மெதுவாக. ஒலிவாங்கி அதை அரங்கம் முழுக்கச் சொன்னது. "அதுல ஒண்ணுமே இல்ல. நான் இழுக்கேன், இழுக்கேன், பொறத்தால யாரும் இல்ல. கெணத்துல எறங்குனவன கயிற அறுத்து விட்டதுபோல இருந்துது."

அவள் கையிலிருந்த தாளை வாங்கிக் கசக்கி உருட்டினான். மேடையோரத்தில், நாலைந்து எட்டுத் தூரத்தில், ஒரு குப்பைக்கூடை இருந்தது. கூட்டத்தைப் பார்த்தான்.

"என்னைய நாட்டுலயே முதல் வில்லுன்னு சொல்லுதீங்க. கையுறை இல்லாம இத அதுக்குள்ள போடுகேன். பாருங்க."

எறிந்தான். விரல்கள் முன்கூட்டியே திறந்துகொண்டன. காகித உருண்டை அவன் பின்னால் போய் விழுந்தது. கூட்டம் சிரித்தது, ஏதோ வேடிக்கை காட்டுகிறான் என்று. அவன் குனிந்து அதை எடுக்கப் போனான். கை தரைக்கு முன்பே நின்று காற்றைப் பொறுக்கியது. இரண்டாம் முறைதான் எடுத்தான். எறிந்தான். காலடியில் விழுந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி எறிந்தான். சிரிப்பு எப்போது நின்றது என்று ஷெர்லினுக்குத் தெரியவில்லை. அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட முயலவில்லை. துடைக்கப் போனால் கை எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரியாது.

முன்வரிசையில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் எழுந்தாள். தன் நுழைவுச்சீட்டைக் கசக்கி, நடைபாதை ஓரமிருந்த கூடையை நோக்கி எறிந்தாள். பக்கத்து இருக்கையில் விழுந்தது. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் எறிந்தான். அப்புறம் நான்கைந்து பேர். சற்று நேரத்தில் அரங்கம் முழுக்கச் சீட்டுகளைக் கசக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். காகிதம் கசங்கும் சத்தமும் அது தப்பான இடத்தில் விழும் சத்தமும் மட்டும்தான். சிலருடையது கூடையில் விழுந்தது. அவர்கள் நிம்மதியில் அழுதார்கள். விழாதவர்கள் திரும்பத் திரும்ப எறிந்தார்கள்.

கார்வேந்தன் ஷெர்லின் காதருகே குனிந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "நாளைக்குக் காலையில எத்தன பேரு ஆடறாங்கன்னு மட்டும் பாருங்க ஷெர்லின்," என்றார். "நம்மள விட்டா அவங்களுக்கு இப்ப வேற கதியில்லைங்க."

மூவரும் பின்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். ஷெர்லின் தன் அடையாள அட்டையைக் காவலாளியின் மேசையிலேயே கழற்றி வைத்துவிட்டாள். வெளியே சாதாரணமான சாயங்கால வெயில். பூக்காரம்மா ஒருத்தி சரம் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், நான் ஒங்கள என்னவெல்லாமோ சொல்லிட்டேன்," என்றான் அபிஷ்.

"நீங்க சொல்லலை, ஊரே சொல்லுச்சு. விடுங்க தம்பி."

"ஒங்களுக்குக் கை சரியாக எவ்வளவு நாளாச்சு?"

உமையாள் நடையை நிறுத்தினார். "சரியாயிடுச்சுன்னு யாரு சொன்னா?"

அக்காவும் தம்பியும் அவரைப் பார்த்தார்கள்.

"அன்னைக்குக் கருவியக் கீழ வச்சவதான். அப்புறம் ஒரு பல்லக்கூடத் தொடலை. வருஷம் ஒண்ணு ஓடிப்போச்சு." ஷெர்லினிடம் திரும்பினார். "ஏன் இன்னும் ஆடுறேன்னு கேட்டீங்களே. கை திரும்பணும்னுதான் ஆடுறேன். கோட்டைச் சுவர்ல அம்பு ஒரு விரக்கடை தள்ளிப் பட்டாலும் எதிரி விழுந்துடுவான். பல்லுல அந்த விரக்கடை கிடையாது. உங்க எல்லாரையும் ஜெயிச்ச கைதான் இது. இத நம்பி யாரையும் வாயத் திறங்கன்னு என்னால இன்னும் சொல்ல முடியலை."

காரைக்குடி பஸ்ஸுக்கு அவரைச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் விடுவதாக ஷெர்லின் சொல்லியிருந்தாள். கார் சாவியை எடுத்தாள். உமையாள் அந்தச் சாவியையே பார்த்தார்.

"நீங்களும் ஆடுவீங்களா?"

"வேலையே அதுதானே டாக்டர். தினமும்..." என்று சொல்லும்போதே ஷெர்லினுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் பார்க்கிங் தூணில் கார் உரசியது. இடம் குறுகல் என்று தூணைத் திட்டிவிட்டு வந்திருந்தாள். சாவியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். தன்னுடைய விரல்கள்தான், ஆனால் முன்போல அவற்றை அவளால் நம்ப முடியவில்லை.

"பஸ்ஸுலயே போயிருவோம்," என்றான் அபிஷ்.

நிறுத்தத்தில் நின்ற டவுன் பஸ்ஸில் ஏறி, எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கையில் மூவரும் உட்கார்ந்தார்கள். கூட்டம் அதிகம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி கம்பியில் சாய்ந்து நின்றாள். ஓட்டுநர் கண்ணாடியில் அபிஷைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"தம்பி, நீங்க அபிஷ் தானுங்க? காத்தாலருந்து டூட்டி, போட்டியப் பாக்க முடியாமப் போச்சு. செயிச்சுட்டீங்களா?"

அபிஷ் தலையை மட்டும் அசைத்தான். எந்தப் பக்கம் அசைத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"நானும் ஆடறனுங்க! வண்டிய விட்டு எறங்குனா அதுலதான். எங்க டிப்போவுல நாந்தான் முதல் வில்லு. உங்களாட்டமே கைய அப்பிடியே லேசா விட்டுருவேன், அம்பு தானாப் போயி நிக்குமுங்க." அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். பஸ் அவிநாசி சாலையின் நெரிசலுக்குள் ஏறி வேகம் பிடித்தது. இருசக்கர வண்டிகள் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தன.

முன்னால் சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. ஓட்டுநரின் இடது கை கியரை நோக்கி இறங்கியது.

அபிஷ் எழுந்தான். இரண்டாவது முயற்சியில் மேல்கம்பி அவன் கைக்கு அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரின் தோளருகே குனிந்தான்.

"அண்ணே," என்றான், "வண்டியக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. ஒங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும்."